வளவுக்குள் நிற்கும் கடற்காவலரண்: இடிப்பதா, விடுவதா?

மயிலிட்டியான் | ஒக்டோபர் 19, இரவு 9.12

அனைவருக்கும் வணக்கம். இங்கே நீண்ட காலமாக வாசிப்பவன். எழுதுவது இது இரண்டாவது தடவை.

1990 ஜூனில் ஊரைவிட்டு ஓடியபோது எனக்கு இருபது வயது. நலன்புரி முகாம், வாடகை வீடு, மைத்துனர் வீட்டு விறாந்தை என்று இருபத்தெட்டு வருடம் போனது. 2018இல்தான் இராணுவம் பிடித்து வைத்திருந்த எங்கள் காணி விடுபட்டது. போய்ப் பார்த்தால் வீடு இல்லை. கிணறும் ஒரு பூவரசும் மட்டும் தெரிந்தன. மற்றதெல்லாம் பற்றை. இப்போதுதான் கையில் கொஞ்சம் பணம் சேர்ந்து வீடு கட்டத் தொடங்குகிறேன்.

வளவின் வடக்கு ஓரத்தில் கடலைப் பார்த்தபடி ஒரு காவலரண் நிற்கிறது. பாதி நிலத்துக்குள், பாதி வெளியே. மேலே ஒரு முழத் தடிப்பில் கொங்கிறீற்று. அதைத் தாங்குவதற்குத் தண்டவாளத் துண்டுகள் நான்கைக் குறுக்கே போட்டிருக்கிறார்கள். கடற்பக்கம் ஒரு கை உயரத்தில் நீளமான துவாரம். உள்ளே குனிந்துதான் நிற்கலாம். சுவர் முழுக்க எங்கள் வீட்டுக் கல். எப்படித் தெரியும் என்கிறீர்களா? வெளிச்சுவரில் ஒரு கல்லில் '64' என்று சுண்ணாம்பில் புடைத்து நிற்கிறது. ஐயா வீடு கட்டிய வருடம் 1964. முகப்பின் உச்சியில் அதை எழுதுவித்தார். '19' எங்கே போனதோ தெரியாது.

மேசன் இடிக்கச் சொல்கிறார். பிரான்ஸில் இருக்கும் மகன் 'அது சரித்திரம், தொடாதீர்கள் அப்பா' என்கிறான். மனைவிக்கு அதற்குள் பாம்பு இருக்கிறது என்ற ஒரே கவலை. நீங்கள் என்ன செய்வீர்கள்?

---

வடலி | ஒக்டோபர் 19, இரவு 9.40

இடியுங்கள். மேலே எழுதியதை இன்னொரு தடவை நீங்களே வாசித்துப் பாருங்கள். உங்கள் வீட்டை உடைத்து, உங்கள் வளவுக்குள், உங்களையே ஊருக்குள் வரவிடாமல் வைத்திருக்கக் கட்டியது. இதில் கேட்பதற்கு என்ன இருக்கிறது?

---

பண்ணைப்பாலம் | ஒக்டோபர் 19, இரவு 10.25

தம்பி வடலி, கொஞ்சம் பொறும்.

மயிலிட்டியான், முதலில் ஒரு விடயம். காணி விடுபட்டதென்பதும் கண்ணிவெடி அகற்றிய சான்றிதழ் கிடைத்ததென்பதும் ஒன்றல்ல. உங்கள் காணிக்குச் சான்றிதழ் இருக்கிறதா என்று கிராம அலுவலரிடம் கேட்டு உறுதிப்படுத்துங்கள். காவலரணைச் சுற்றித்தான் மிதிவெடி புதைப்பார்கள். பெக்கோ இயந்திரத்தைக் கொண்டுவந்து கிளறுவது அதற்குப் பிறகுதான். துருப்பிடித்த தகரப்பேணி போல எது கிடந்தாலும் கை வைக்காதீர்கள். பழைய போர்முனையான முகமாலையில் இத்தனை வருடம் கழித்தும் முழங்காலில் இருந்து சாண் சாணாகத் தோண்டுகிறார்கள்.

இரண்டாவது, கல். கோட்டை கட்டுகிறவன் தன் ஊரிலிருந்து கல் கொண்டுவருவதில்லை. 1619இல் போர்த்துக்கேயர் யாழ்ப்பாண அரசன் சங்கிலியனைப் பிடித்துக் கோவாவுக்கு அனுப்பிவிட்டு, இங்கே கோயில்களை இடித்தார்கள். நம்முடைய யாழ்ப்பாணக் கோட்டைக்குள்ளிருந்து சோழர் காலத்துத் தமிழ்க் கல்வெட்டுத் துண்டு எடுக்கப்பட்டது எப்படி என்று நினைக்கிறீர்கள்? ஏதோ ஒரு கோயிலின் '64' அது.

1658இல் ஒல்லாந்தர் மூன்று மாதத்துக்கு மேல் முற்றுகையிட்டு அதைப் பிடித்தார்கள். பிறகு ஐந்து முனைக் கோட்டையாக மாற்றிக் கட்டினார்கள். கொத்தளங்களுக்கு சீலாந்து, ஒல்லாந்து, கெல்டர்லாந்து, உத்ரெக்ட், பிரீஸ்லாந்து என்று தங்கள் மாகாணப் பெயர்களை வைத்தார்கள். வெளிச்சுற்று 1792இல்தான் முடிந்தது. மூன்று வருடத்தில், 1795இல், ஆங்கிலேயரிடம் கொடுத்துவிட்டுப் போனார்கள். முருகைக்கல்லில் அவ்வளவு வேலை!

காரைநகருக்கும் ஊர்காவற்றுறைக்கும் நடுவே கடலுக்குள் நிற்கும் கடற்கோட்டையும் அப்படித்தான். போர்த்துக்கேயர் கட்டியது; 1658இல் ஏறத்தாழ இரண்டு வாரத்தில் விழுந்தது. சுற்றிவரக் கடல் இருந்தென்ன, குடிக்க நீர் இல்லாவிட்டால் எந்தக் கோட்டையும் விழும். இன்று கடற்படை அதை விடுதியாக நடத்துகிறது. ஆக, காவலரணை வைத்திருப்பதா என்பது புதிய கேள்வியல்ல. எவ்வளவு காலம் போனால் அதற்கு டிக்கெட் போடலாம் என்பதுதான் கேள்வி.

---

லாச்சப்பல்வாசி | ஒக்டோபர் 20, அதிகாலை 2.18

மகன் சொன்னதை நான் ஆதரிக்கிறேன். காரணத்தையும் சொல்கிறேன்; கொஞ்சம் நீளம், மன்னியுங்கள்.

நான் முப்பது வருடமாகப் பாரிஸில். இரண்டு வருடத்துக்கு முன் பிள்ளைகள் இழுத்துக்கொண்டுபோனதால் நோர்மண்டிக் கரைக்குப் போனேன். 1944 ஜூன் 6இல் நேச நாட்டுப் படைகள் வந்து இறங்கிய இடம். நோர்வேயிலிருந்து ஸ்பெயின் எல்லைவரை கடற்கரை நெடுக ஜேர்மனியர் கட்டிய அரண்வரிசையின் பெருந்துண்டுகள் இன்னமும் அங்கே நிற்கின்றன. லோங் சூர் மேர் என்ற ஊரில் நான்கு பீரங்கிக் கூடங்கள். பீரங்கிகளும் உள்ளேயே, கடலைப் பார்த்தபடி. சுற்றிவரக் கோதுமை வயல். உழவன் தன் பாட்டில் உழுகிறான். சின்னப் பிள்ளைகள் பீரங்கிக் குழாயில் ஏறிச் சறுக்குகிறார்கள். எனக்கு முதலில் அது பிடிக்கவில்லை. போகப் போகப் பிடித்தது.

பிறகு கொல்வில் என்ற இடத்து அமெரிக்கக் கல்லறை. 9,380க்கு மேற்பட்ட வெள்ளைக் கற்கள். எல்லாம் மேற்கே, அமெரிக்கா இருக்கும் திசையைப் பார்த்து நடப்பட்டவை. வெள்ளைப் பளிங்கில் பெயரைப் படமெடுத்தால் தெரியாது. அதனால் உறவினர் வந்தால், கீழேயுள்ள ஒமகா கடற்கரையின் ஈர மணலைக் கொண்டுவந்து எழுத்துகளுக்குள் தேய்க்கிறார்கள். பெயர் பொன்னிறத்தில் எழுந்துவருகிறது. ஒரு கிழவி அப்படித் தேய்ப்பிப்பதை நான் நின்று பார்த்தேன். இறங்கிச் செத்த மண்ணாலேயே பெயரை வாசிக்கிறார்கள்.

ஆனால் என்னை உலுக்கியது அதுவல்ல. லா கம்ப் என்ற ஊரில் ஜேர்மனியரின் கல்லறை இருக்கிறது. இருபத்தோராயிரத்துக்கு மேற்பட்டவர்கள். நாட்டைப் பிடித்து வைத்திருந்தவர்களின் படை! பிரெஞ்சு மண்ணில், புல் வெட்டி, பூ வைத்து. நிலத்தோடு படிந்த கல். பல இடங்களில் ஒரு கல்லின் கீழ் இரண்டு பேர். பதினெட்டு, பத்தொன்பது வயது என்று வாசித்துக்கொண்டே போகலாம். அங்கே நின்று, புலிகளின் மாவீரர் கல்லறைகள் இருந்த கோப்பாய்த் துயிலும் இல்லத்தை நினைத்தேன். அதற்கு மேல் எழுத வரவில்லை.

---

வடலி | ஒக்டோபர் 20, காலை 6.55

அண்ணா, நன்றாக எழுதியிருக்கிறீர்கள். ஆனால் ஒரு வித்தியாசத்தை விட்டுவிட்டீர்கள். அந்தப் பீரங்கிக் கூடத்தைக் கட்டியவன் 1944இல் எழும்பிப் போய்விட்டான். உழவன் தைரியமாக உழலாம். எங்கள் பக்கம் காவலரணைக் கட்டியவன் அடுத்த வேலிக்குள் இருக்கிறான். நான் காங்கேசன்துறையிலிருந்து பருத்தித்துறை வரை பல தடவை சைக்கிளில் போயிருக்கிறேன். இடையிலே பாதை தடைப்பட்டு உள்ளே சுற்றித்தான் போக வேண்டும். பாழடைந்த காவலரண் எது, ஆள் இருக்கும் காவலரண் எது என்று கிட்டப் போய்ப் பார்த்தால்தான் தெரியும். கிட்டப் போகக்கூடாது என்பது வேறு கதை.

---

பண்ணைப்பாலம் | ஒக்டோபர் 20, காலை 8.10

வடலி சொன்னதில் நியாயம் இருக்கிறது. பொறும் என்று சொன்னதை வாபஸ் பெறுகிறேன்.

---

குடாரப்புக்காரி | ஒக்டோபர் 20, இரவு 8.33

எல்லாவற்றையும் வாசித்தேன். நான் சுற்றி வளைக்காமல் சொல்கிறேன்.

எங்கள் ஊர்க்கரையும் இரண்டு தரையிறக்கத்தைக் கண்ட கரைதான். பிரான்ஸுக்குப் போகத் தேவையில்லை. 1991 ஜூலையில் ஆனையிறவு முகாம் முற்றுகைக்குள் இருந்தபோது அதை மீட்க இராணுவம் பக்கத்தில் வெற்றிலைக்கேணியில் கடலால் வந்து இறங்கியது. 2000 மார்ச் 26இல் குடாரப்பில் புலிகள் கடலால் வந்து இறங்கினார்கள். அங்கிருந்து இத்தாவில் போய்ப் பாதையை மறித்து நின்றார்கள். ஏப்பிரல் 22இல் ஆனையிறவு விழுந்தது. இந்தக் கணக்கெல்லாம் எனக்கு ஏன் பாடம் என்றால், இத்தாவிலில் செத்தவர்களில் என் தம்பியும் ஒருவன். பத்தொன்பது வயது. லாச்சப்பல் அண்ணா வாசித்துக்கொண்டு போன அதே வயது.

அவனைக் கிளிநொச்சி கனகபுரம் துயிலும் இல்லத்தில் விதைத்தார்கள். கல்லில் பெயர் இருந்தது, ஊர் இருந்தது, திகதி இருந்தது. அம்மா வெள்ளிக்கிழமைகளில் போய்க் கழுவி வருவா. போர் முடிந்தபின் புல்டோசரால் எல்லாவற்றையும் தள்ளினார்கள். 2016இல் சனம் துணிந்து உள்ளே போய்ப் பற்றை வெட்டியது. உடைந்த கற்களைப் பொறுக்கி ஒரு குவியலாகப் போட்டார்கள். நானும் பொறுக்கினேன். எழுத்து இருந்த துண்டுகளையெல்லாம் புரட்டினேன். 'ன்' என்று முடியும் ஒரு துண்டு. எத்தனையோ பெயர் 'ன்' என்றுதான் முடியும்.

கோப்பாயில் இன்னும் மோசம். 1995க்குப் பிறகு ஒரு தடவை இடித்தார்கள். 2002 போர்நிறுத்தத்தில் திரும்பக் கட்டினோம். போர் முடிந்தபின் மறுபடி இடித்து, அதன் மேலேயே படைத் தலைமையகம் கட்டி 2011இல் திறந்தார்கள். மாவீரர் நாளான நவம்பர் 27இல் எதிர்ப்பக்கக் காணியில் நின்று விளக்கேற்றுகிறது சனம்.

இப்படியிருக்க, அவர்களுடைய சீமெந்துப் பெட்டி ஒன்றைச் சரித்திரம் என்று நாம் பூசிப் பாதுகாக்க வேண்டுமா? ஆனையிறவில் அவர்களுக்கு வெற்றித் தூபி இருக்கிறது, அராலித்துறையில் தளபதிகளுக்கு நினைவுத்தூண் இருக்கிறது, பலாலியில் இந்தியப் படைக்குக்கூட நினைவுச்சின்னம் இருக்கிறது. என் தம்பிக்கு 'ன்' மட்டும்தான் இருக்கிறது, அதுகூட அவனுடையதா தெரியாது.

---

ஒருகாலத்தோழர் | ஒக்டோபர் 20, இரவு 11.47

சகோதரியின் வலியோடு நான் வாதாடப்போவதில்லை. ஒன்றை மட்டும் பக்கத்தில் வைத்துவிட்டுப் போகிறேன்.

நான் இருந்த இயக்கத்தின் பெயர் இங்கே தேவையில்லை. எண்பத்தாறில் எங்கள் பொடியன்களைச் சுட்டது சிங்கள இராணுவமல்ல, புலிகள். செத்த பொடியன்களும் தமிழீழம் என்றுதான் வீட்டைவிட்டு வந்தவர்கள். பத்தொன்பது, இருபது வயது. அவர்களுக்குத் துயிலும் இல்லம் கட்டப்படவுமில்லை, இடிக்கப்படவுமில்லை. தாய்மார் வெளியே அழக்கூடப் பயந்தார்கள். 'ன்' கூட இல்லாதவர்கள் இருக்கிறார்கள் என்பதற்காக எழுதினேன்.

---

வடலி | ஒக்டோபர் 21, காலை 7.02

தோழர், இதுதான் நேரமா?

---

ஒருகாலத்தோழர் | ஒக்டோபர் 21, காலை 7.30

தம்பி, முப்பத்தைந்து வருடமாக எந்த நேரமும் இதற்கு நேரமாக இருக்கவில்லை.

---

மட்டுறுத்துநர் | ஒக்டோபர் 21, காலை 9.00

இடையில் வந்த ஐந்து பதிவுகளை நீக்கியிருக்கிறேன். இயக்கச் சண்டைக்கு வேறு இழைகள் உண்டு. இங்கே மயிலிட்டியானின் கேள்விக்கு வாருங்கள். தோழரின் பதிவையும் சகோதரியின் பதிவையும் நீக்கவில்லை, நீக்கப்போவதுமில்லை.

---

மயிலிட்டியான் | ஒக்டோபர் 23, மாலை 6.20

எல்லோருக்கும் நன்றி. சான்றிதழ் இருக்கிறது, கிராம அலுவலரிடம் பிரதி வாங்கி வைத்துக்கொண்டேன். நேற்று முதல் தடவையாக ரோச் லைற்றோடு உள்ளே இறங்கிப் பார்த்தேன். பாம்பு இல்லை. வௌவால் எச்சம், ஒரு செருப்பு, மண்ணாகிப்போன மண்மூட்டைகள்.

சுவரில் சாந்து பூசிய ஒரு பகுதியில் ஆணியால் கீறி ஏதோ சிங்களத்தில் எழுதியிருக்கிறது. எண்களும் இருக்கின்றன. '64' கல் இருக்கும் சுவரின் உட்பக்கம்தான். எனக்குச் சிங்களம் பேசினால் பாதி விளங்கும், வாசிக்கத் தெரியாது. படம் போட்டிருக்கிறேன். யாராவது வாசிப்பீர்களா?

---

லாச்சப்பல்வாசி | ஒக்டோபர் 23, மாலை 7.05

படம் இருட்டு. பக்கவாட்டில் வெளிச்சத்தைப் பிடித்து எடுத்துப் பாருங்கள். கீறல் நிழல் விழுந்து தெரியும்.

---

மயிலிட்டியான் | ஒக்டோபர் 24, காலை 6.40

காலை வெயில் வாசலால் வரும்போது எடுத்தேன். இது தெளிவு.

---

சோனகத்தெரு | ஒக்டோபர் 24, பிற்பகல் 1.15

அஸ்ஸலாமு அலைக்கும், அனைவருக்கும் வணக்கம். நான் வாசித்துத் தருகிறேன். 1990 ஒக்டோபர் 30இல் யாழ்ப்பாணத்திலிருந்து இரண்டு மணி நேரத்தில் முஸ்லிம்களான எங்களை வெளியேற்றினார்கள். புத்தளத்தில் வளர்ந்ததில் சிங்களம் வந்துவிட்டது. வெளியேற்றியது புலிகள் என்று இங்கே எல்லோருக்கும் தெரியும். மட்டுறுத்துநர் இதை நீக்கமாட்டார் என்று நம்புகிறேன்.

எழுதியிருப்பது காவல்முறைப் பட்டியல். இடப்பக்கம் நேரம்: 6–8, 8–10, 10–12, 12–2, 2–4, 4–6. வலப்பக்கம் பெயர்கள். முழுப்பெயர் இல்லை, கூப்பிடும் பெயர்கள். அவற்றை இங்கே எழுதவில்லை. 12–2க்கு நேரே இருந்த பெயரைக் குறுக்கே கோடு போட்டு அடித்துவிட்டு, மேலே வேறு பெயரை எழுதியிருக்கிறார்கள். விடுமுறையில் போனவனா, மாற்றலாகிப் போனவனா, செத்தவனா என்று கோட்டைப் பார்த்துச் சொல்ல முடியாது.

கடைசி வரி பட்டியலைச் சேர்ந்ததல்ல, கையெழுத்தும் வேறு. அதில் இருப்பது: 'இந்தக் கிணற்றுத் தண்ணீர் நல்லது. பக்கத்தில் சவர்க்காரம் போடாதே.'

---

வடலி | ஒக்டோபர் 24, பிற்பகல் 1.50

யாருடைய கிணற்றுக்கு யார் சட்டம் போடுவது!

---

மயிலிட்டியான் | ஒக்டோபர் 24, இரவு 9.30

சோனகத்தெரு தம்பி, நன்றி. வீடு திரும்பிவிட்டீர்களா, இன்னும் புத்தளம்தானா?

கிணற்றைப் பற்றிய வரியை வாசித்தபிறகு எனக்கு நித்திரை வரவில்லை. ஐயா அந்தக் கிணற்றைக் கட்டியபோது அம்மா சொன்னது கிட்டத்தட்ட இதே வசனம். உடுப்புத் தோய்க்கும் கல்லைக் கிணற்றடியிலிருந்து வேலியோரம் தள்ளி வைப்பித்தவ அவதான். கரையோரத்தில் உவரில்லாத கிணறு கிடைப்பது பெரிய காரியம். என் வீட்டை உடைத்தவர்களில் ஒருவனுக்கு என் கிணற்றின் அருமை தெரிந்திருக்கிறது. கோபப்படுவதா என்ன செய்வதென்று தெரியவில்லை.

---

சோனகத்தெரு | ஒக்டோபர் 24, இரவு 10.05

வந்து போகிறோம் அண்ணா. உம்மா வரமாட்டேன் என்கிறார். எங்கள் வீட்டுச் சுவர் நிற்கிறது. கூரையும் நிலையும் யன்னலும் யாரோ கழற்றிக்கொண்டு போய்விட்டார்கள். உங்களுக்கு '64' ஆவது இருக்கிறது.

---

பண்ணைப்பாலம் | ஒக்டோபர் 25, காலை 10.12

குடாரப்பு அக்காவின் கேள்வியை யாரும் முழுதாகத் தொடவில்லை, நான் உட்பட. முயன்று பார்க்கிறேன்.

கட்டடத்தையும் செத்தவனையும் நாம் ஒன்றாகப் போட்டுக் குழப்பிக்கொள்கிறோம் என்று தோன்றுகிறது. நோர்மண்டியில் பீரங்கிக் கூடத்தை யாரும் கும்பிடுவதில்லை. பிள்ளைகள் ஏறிச் சறுக்குகிறார்கள். மரியாதை போவது கல்லறைக்கு, அதிலும் பெயருக்கு. லா கம்பில் போரின்போது இரு தரப்பையும் புதைத்தவர்கள் அமெரிக்கர்தான் என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். பிறகு தங்கள் ஆட்களை எடுத்துக்கொண்டு போனார்கள். எதிரியை உழுது தள்ளவில்லை. நம் பழந்தமிழரும் கோட்டைக்குக் கல் நடவில்லை. ஆநிரை மீட்கப் போய் விழுந்தவனுக்குத்தான் நட்டார்கள்; பெயரும் செயலும் எழுதிப் பீலி சூட்டினார்கள்.

இங்கே நடந்தது தலைகீழ். கட்டடத்தைப் பாதுகாக்கிறோம், 1990இல் 107 நாள் முற்றுகையில் சிதைந்து, பிறகு புலிகள் மதிலை உடைத்து, 1706இல் கட்டிய ஒல்லாந்தர் தேவாலயம் மண்மேடாகிப்போன யாழ்ப்பாணக் கோட்டையை, ஒல்லாந்து நாட்டு உதவியோடு திரும்பக் கட்டுகிறோம். நானே மாணவர்களை அழைத்துப்போய்க் கொத்தளத்தின் பெயரை ஒப்புவிக்க வைக்கிறேன். 107 நாளில் அகழிக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் செத்தவர்களில் ஒருவரின் பெயரைக்கூட அங்கே வாசிக்க முடியாது. செல் விழுந்து செத்த சுற்றுவட்டச் சனத்தின் பெயரையும் வாசிக்க முடியாது.

அதனால் மயிலிட்டியான், காவலரணை இடிப்பதில் எனக்கு ஒரு மறுப்பும் இல்லை. உங்கள் கல்லை நீங்கள் எடுங்கள்.

---

குடாரப்புக்காரி | ஒக்டோபர் 25, இரவு 8.50

வாத்தியார் சொன்னது சரி. அந்தப் பட்டியலை வாசித்தபிறகு நானும் இரண்டு நாளாக எழுதவில்லை.

கோடு போட்ட பெயரைத்தான் நினைத்துக்கொண்டிருந்தேன். அவனுக்கும் ஒரு அக்கா இருப்பா, மாத்தறையிலோ குருநாகலிலோ. அவவுக்குத் தூபி இருக்கிறது, தூபியில் பெயர் இருக்கிறதா என்று தெரியாது. இதனால் என் கோபம் குறைந்துவிட்டது என்று நினைக்காதீர்கள். குறையவில்லை. ஆனால் பெயரை அழிக்கச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அழித்தால் எப்படியிருக்கும் என்று எனக்குத் தெரியும்.

---

வடலி | ஒக்டோபர் 25, இரவு 9.15

அக்கா சொன்னபிறகு நான் பேசமாட்டேன். மயிலிட்டியான் அண்ணா, ஒரேயொரு நடைமுறைக் குறிப்பு: தண்டவாளத் துண்டுகளைப் பழைய இரும்புக்கு விற்க அவசரப்படாதீர்கள். ரெயில் பாதையின் இரும்பு அரச சொத்து என்று யாராவது பிடிக்கலாம். வடக்கில் 1990இல் நின்ற ரெயில் 2014இல்தான் யாழ்ப்பாணம் வந்தது. இடையில் தண்டவாளமும் சிலிப்பர் கட்டையும் இரு தரப்புப் பங்கர்களுக்கும் கூரையாகப் போயின. எங்கள் வீட்டுப் பங்கருக்கும்தான், உண்மையைச் சொன்னால்.

---

லாச்சப்பல்வாசி | ஒக்டோபர் 26, அதிகாலை 1.40

வீட்டுப் பங்கர் என்றதும் ஞாபகம் வந்தது. 'ட' வடிவத்தில் வெட்டுவோம், நினைவிருக்கிறதா? செல் வாசலில் விழுந்தாலும் சிதறல் வளைவைத் தாண்டி வராது என்று. மேலே பனங்குற்றி, அதன்மேல் மண்மூட்டை. மூட்டைக்குச் சீனிச் சாக்கு முடிந்தால் அம்மாவின் சேலை. கார்த்திகை மழைக்கு முழங்கால்வரை தண்ணீர் நிற்கும். அதற்குள் தங்கையை மடியில் வைத்துக்கொண்டு இருந்திருக்கிறேன். எத்தனை ஆயிரம் வீடுகளில் இருந்தது! இன்று ஒன்றையாவது காட்ட முடியுமா? பிள்ளைகளுக்குக் காட்ட என்று கேட்டு அலைந்தேன், எல்லாவற்றையும் மூடி மரவள்ளி நட்டுவிட்டார்கள். சரித்திரம் என்று மகன் கேட்பது இதையாக இருந்தால் நான் முழு ஆதரவு.

---

பண்ணைப்பாலம் | ஒக்டோபர் 26, காலை 7.20

மரவள்ளி நட்டது நல்ல காரியம். மண் ஏற்கனவே கிளறியிருந்தது அல்லவா!

---

மயிலிட்டியான் | நவம்பர் 16, இரவு 8.05

நீண்ட நாள் எழுதவில்லை, வேலை ஓடிக்கொண்டிருந்தது. கேட்டவர்களுக்காக நடந்ததைச் சொல்கிறேன்.

இடித்துவிட்டேன். பெக்கோ வேண்டாம் என்று மேசனிடம் சொல்லிக் கையால் உடைப்பித்தேன். மூன்று நாள் கூலி. கூரைத் தட்டுத்தான் கடினம். தண்டவாளத் துண்டுகள் நான்கையும் வேலியோரம் அடுக்கி வைத்திருக்கிறேன், கிராம அலுவலருக்கு எழுதிக் கொடுத்திருக்கிறேன்.

உடைக்கத் தொடங்குவதற்கு முதல் நாள் பின்னேரம் ஒரு கொப்பியையும் பென்சிலையும் எடுத்துக்கொண்டு உள்ளே இறங்கினேன். வாசிக்கத் தெரியாத எழுத்தைப் பார்த்து எழுதுவது படம் கீறுவது மாதிரி. ஒவ்வொரு வளைவாகப் பார்த்துப் பார்த்து இழுத்தேன். ஆறு வரிக்கு ஒன்றரை மணித்தியாலம். அடித்த பெயரையும் அடித்தபடியே எழுதினேன், கோட்டையும் போட்டேன். முதுகு பிடித்துக்கொண்டது.

பிறகு சாந்தோடு சேர்த்து அந்தச் சுவர்த்துண்டை முழுதாக வெட்டியெடுக்கலாமா என்று மேசன் முயன்றார். முதல் தட்டிலேயே சாந்து பொருக்குப் பொருக்காகக் கொட்டிவிட்டது. கடற்காற்று பட்ட சாந்து, ஒன்றும் செய்ய முடியாது. '64' கல் மட்டும் பழுதில்லாமல் வந்தது. புது வீட்டு முகப்பில் அதை வைக்கச் சொல்கிறா மனைவி. '19' இல்லாமல் எப்படி வைப்பது என்று யோசிக்கிறேன்.

---

குடாரப்புக்காரி | நவம்பர் 16, இரவு 9.10

அப்படியே வையுங்கள் அண்ணா. பாதி இருந்தால் போதும்.

27ஆம் திகதி நாங்கள் ஒரு வானில் கனகபுரம் போகிறோம். விளக்கு ஏற்றுவது மாலை ஆறு மணி கடந்துதான், எனவே திரும்ப இரவாகும். வர விரும்புகிறவர்கள் தனிமடல் போடுங்கள். தோழரும் வரலாம். அங்கே யார் பெயரைச் சொல்லி விளக்கேற்றுகிறீர்கள் என்று யாரும் கேட்பதில்லை.

---

ஒருகாலத்தோழர் | நவம்பர் 16, இரவு 11.58

யோசித்துச் சொல்கிறேன் சகோதரி.

---

சோனகத்தெரு | நவம்பர் 17, காலை 6.15

மயிலிட்டியான் அண்ணா, கொப்பிப் பக்கத்தைப் படம் எடுத்துப் போடுங்கள். எழுத்துச் சரியாக வந்திருக்கிறதா என்று பார்த்துச் சொல்கிறேன். கிணறு என்ன மாதிரி?

---

மயிலிட்டியான் | நவம்பர் 17, இரவு 7.44

படம் போட்டிருக்கிறேன். மூன்றாவது வரி கொஞ்சம் கோணல், தெரியும்.

கிணறு இரண்டு நாள் இறைத்தோம். அடியில் வாளி ஒன்று, கயிறு, உடைந்த ஓடுகள், எங்கள் வீட்டு ஓடாகத்தான் இருக்கும். மூன்றாம் நாள் ஊறி வந்ததைக் கையில் ஏந்திக் குடித்துப் பார்த்தேன். உவர் இல்லை. தோய்க்கிற கல்லைப் பழையபடி வேலியோரம் போட்டிருக்கிறேன்.